கடலைப் பார்த்தான், கடலை பறித்தாள், கடலைக் கொல்லை

கணினித் தமிழ்: வாசகர் கேள்வி பதில்

எடுத்துக்காட்டு உரையைப் படித்துக் கற்றுக்கொள்ளும் இலக்கணப் பிழைதிருத்தியை நாமே உருவாக்குவது பற்றி கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கே இந்த இதழில் இடம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

அச்சகம் நடத்துபவர், கடலூர் முதுநகர்: கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கட்சி நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறோம். ஒற்றுப் பிழைதான் பெரிய தலைவலி. விதிகளை எழுதிக் கொடுத்தால் கணினி பார்த்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் ப்ரூஃப் ரீடர். நல்ல உரையைக் கொடுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும் என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே பாதி சரி. விதியால் முடிகிற இடத்தில் கணினிக்குப் பாடம் எடுப்பது வீண் வேலை. ‘அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி’ ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும். நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் மிகும்: கடலூருக்குப் போனான். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வீசிய புயல். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் மட்டும் விலக்கு: தீராப் பிரச்சினை. வினையெச்சத்தில் ‘படித்துப் பார்’ என்று மிகும், ‘செய்து பார்’, ‘வந்து போ’ என்று மிகாது. கடைசி உகர எழுத்துக்கு (இங்கே ‘து’) முன்னுள்ள ஒற்று வல்லினமா என்று பார்த்தால் போதும். இவற்றையெல்லாம் முப்பது நாற்பது வரி நிரலில் அடக்கிவிடலாம்.

தகராறு ‘ஐ’யில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் மிகும் என்பது பள்ளிக்கூட விதி. ஆனால் கணினிக்குத் தெரிவது உருபு அல்ல, ‘லை’ என்ற எழுத்து. ‘கடலைப் பார்த்தான்’ என்றால் கடல், கூடவே உருபு, மிகும். ‘கடலை பறித்தாள்’ என்றால் வேர்க்கடலை, உருபு தொக்கி நிற்கிறது, மிகாது. ‘கடலைக் கொல்லை’ பெயரோடு பெயர் சேர்ந்தது, மிகும். ‘கடலை காய்ந்துவிட்டது’ எழுவாய், மிகாது. நான்கிலும் முதல் சொல் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். இதற்கு விதி எழுதப் புறப்பட்டால் தமிழில் ‘ஐ’யில் முடியும் எல்லாப் பெயர்ச்சொற்களையும், அவற்றோடு சேரும் எல்லா வினைகளையும் பட்டியல் போட வேண்டியிருக்கும். இங்கேதான் உங்கள் மகன் சொல்வது எடுபடும்.

ஒற்று விஷயத்தில் ஒரு பெரிய வசதி உண்டு: விடைத்தாள் இலவசம். நன்றாகப் பிழைதிருத்திய உரை ஒன்றை எடுங்கள். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கான விடையும் அங்கேயே அச்சாகியிருக்கிறது. ஒற்றை எடுத்துவிட்டு ‘இங்கே இருந்ததா, இல்லையா?’ என்று கணினியைக் கேட்க வேண்டியதுதான். யாரும் உட்கார்ந்து கையால் குறியிட வேண்டாம். நான்கு சொற்களுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் சொல் உள்ள உரையில் இரண்டரை லட்சம் பயிற்சிக் கேள்விகள் கிடைத்துவிடும்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: எனக்குப் பைத்தான் தெரியும். ஒற்றுப் பிழைதிருத்தியைச் செமஸ்டர் புராஜெக்டாகச் செய்ய விரும்புகிறேன். உரையை எங்கே எடுப்பது, எந்த வரிசையில் வேலை செய்வது?

உரைக்கு மூன்று இடங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஆனால் அதில் செய்யுள் அதிகம். இன்றைய உரைநடைக்கு அப்படியே உதவாது, உரைநடை நூல்களை மட்டும் பொறுக்குங்கள். அடுத்தது தமிழ் விக்கிமூலம், தன்னார்வலர்கள் நூல்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் தளம். அங்கே பக்கங்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் எழுத்துணரி (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) துப்பியதை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். மஞ்சள் என்றால் ஒருவர் மெய்ப்புப் பார்த்தது. பச்சை என்றால் இன்னொருவரும் பார்த்தது. மஞ்சளும் பச்சையும் மட்டும் எடுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி அங்கே அதிகம் தடுமாறும். மூன்றாவது தமிழ் விக்கிப்பீடியா. அளவு பெரிது, தரம் ஏற்ற இறக்கம். ஊராட்சிகளைப் பற்றிய கட்டுரைகள் பல தானியங்கி ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே வாக்கியம் ஆயிரம் முறை வந்தால் கணினி அதையே தமிழ் என்று நம்பிவிடும். எண்களையும் ஊர்ப்பெயர்களையும் நீக்கிப் பார்த்து, ஒன்றுபோல் இருக்கும் வாக்கியங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எழுத்துச் சுத்தம். பாதி புராஜெக்டுகள் கவிழ்வது இங்கேதான். ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘க’வும் ஒரே ‘ோ’வும், அல்லது ‘க’, இரட்டைச் சுழி, கால் என்று மூன்று துண்டாக. திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல். இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தைத் தொடக்கத்திலேயே ஓட்டிவிடுங்கள். அது தீர்க்காத ஒன்று ஔகாரம். ‘கௌரவம்’ என்பதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுபவர்கள் ஏராளம். சரி, எல்லா ‘கெள’வையும் ‘கௌ’ ஆக்கிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் கெளுத்தி மீன் சிதைந்துவிடும். ‘ள’வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். ‘எ’ வர வேண்டிய இடத்தில் ஏழு என்ற தமிழ் எண்ணும், ‘க’ வர வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண்ணும் உட்கார்ந்திருக்கும், அதையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல இணைப்பிகளைத் துடைத்துவிடுங்கள்.

எழுத்து என்று சொல்லும்போது இன்னொன்று. பைத்தானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் ஐந்து என்னும். நமக்கு மூன்று. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. ‘கடைசி இரண்டு எழுத்து’ என்று நாம் சொல்வதெல்லாம் அதன் வழியாகப் பிரித்த எழுத்துகளே.

இனி ஒற்றை நீக்கும் படி. முதல் சொல் க், ச், த், ப் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே வரிசை எழுத்தில் தொடங்கினால் அந்த ஒற்றை எடுத்துவிட்டு ‘உண்டு’ என்று குறியுங்கள். ஒற்று இல்லாமல் அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால் ‘இல்லை’. இதை இப்படியே ஓட்டினால் ‘பிளாஸ்டிக் குடம்’ என்பது ‘பிளாஸ்டி குடம்’ ஆகிவிடும்! அந்த ‘க்’ சந்தியால் வந்ததல்ல, சொல்லிலேயே இருப்பது. கண்டுபிடிக்க வழி எளிது: ‘பிளாஸ்டிக் பை’, ‘பிளாஸ்டிக் நாற்காலி’ என்று வேறு எழுத்துகளுக்கு முன்னும் அந்தச் சொல் ‘க்’குடன் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் தொடாதீர்கள்.

கணினிக்குக் கொடுக்க வேண்டிய அடையாளங்கள்: முதல் சொல் முழுதாக, அதன் கடைசி எழுத்து, கடைசி இரண்டு, கடைசி மூன்று, அடுத்த சொல் முழுதாக, அதன் முதல் இரண்டு எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும், முதல் சொல்லுக்கும் முந்திய சொல், நடுவில் காற்புள்ளி உண்டா என்பது. அடுத்த சொல்லின் முடிவு ஏன் என்றால், ‘தாள்’, ‘டது’ என்று முடிந்தால் அது வினையாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘கடலை காய்ந்துவிட்டது’ என்பதையும் ‘கடலைக் கொல்லை’ என்பதையும் பிரிப்பது அதுதான். ‘கடலைப் பார்த்தான்’, ‘கடலை பறித்தாள்’ இரண்டிலும் பின்னால் வினையே வருவதால் முடிவு உதவாது. அங்கே ‘பார்த்தான்’, ‘பறித்தாள்’ என்ற முழுச் சொல் உதவும்.

முறைக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போதும்; ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஓர் எடை கொடுத்து, ‘உண்டு’ என்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிடும் எளிய முறை அது. எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப்பில் ஓடும். நியூரல் நெட்வொர்க் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒப்பிட ஓர் அடிப்படை அளவு தேவை: ‘கடைசி இரண்டு எழுத்துக்குப் பின் பெரும்பாலும் ஒற்று வருகிறதா’ என்று மட்டும் பார்க்கும் பத்து வரி நிரல் எழுதி அதன் மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். நீங்கள் பழக்கிய மாதிரி (மாடல்) அதைத் தாண்டவில்லை என்றால் கோளாறு எங்கோ இருக்கிறது. உரையைப் பழக்க எண்பது, இடையில் சரிபார்க்கப் பத்து, கடைசியில் சோதிக்கப் பத்து விழுக்காடாகப் பிரிக்கும்போது வாக்கியங்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். நூல் நூலாகப் பிரியுங்கள். ஒரே ஆசிரியரின் வாக்கியங்கள் இரண்டு பக்கமும் இருந்தால் தேர்வு வினாத்தாள் முன்கூட்டியே வெளியான கதைதான். கடைசியாக, தவறிய இடங்களில் ஐந்நூறையாவது கண்ணால் படியுங்கள். அவற்றில் கணிசமானவை அச்சுப் பிழைகளாகவே இருக்கும். அதாவது கணினி சரி, நூல் தவறு. நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தி இணையத்தில் இருக்கிறது. அதே வாக்கியங்களை அதிலும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாசகர், நெய்வேலி: செய்தித் தளங்களிலிருந்தும் சமூக ஊடகத்திலிருந்தும் ஏராளமாக உரை எடுத்துப் பழக்கினேன். இப்போது ‘செய்திகள் வந்துள்ளது’ என்பதைச் சரி என்கிறது. ‘ஓர் ஊர்’ என்று எழுதினால் ‘ஒரு ஊர்’ என்று மாற்றச் சொல்கிறது. எங்கே தவறு?

மென்பொருள் சொன்னபடி கேட்டிருக்கிறது. அடிக்கடி வருவதைக் கற்றுக்கொள் என்றீர்கள், கற்றுக்கொண்டது. பரவலாக இருக்கும் பிழையை அலைவெண் (எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை) ஒருபோதும் பிழை என்று சொல்லாது. ஆகவே இந்த இரண்டையும் கற்றல் பக்கத்திலிருந்து எடுத்து விதிப் பக்கம் வையுங்கள். ‘ஓர்’ எளிது: அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வரி.

ஒருமை பன்மை அவ்வளவு எளிதல்ல. ‘தானே புயலில் முந்திரி மரங்கள் விழுந்தது’ தவறு, ‘விழுந்தன’ வேண்டும். அதற்காக ‘கள்’ளுக்குப் பின் ‘அது’ வந்தாலெல்லாம் கோடு போட்டால், ‘மரங்கள் விழுந்தது பற்றிப் புகார் வந்தது’ என்ற சரியான வாக்கியமும் மாட்டும். அங்கே ‘விழுந்தது’ தொழிற்பெயர். ‘மாணவர்கள் நடித்தது நாடகம்’ என்பதும் சரியான வாக்கியமே. மூன்று நிபந்தனை வையுங்கள்: வினை வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும், ‘கள்’ விகுதிப் பெயர் உருபு ஏற்காமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உருபு ஏற்காத வேறு பெயர் இருக்கக் கூடாது. பல பிழைகள் தப்பித்துப் போகும், போகட்டும். பிடிப்பது சரியாக இருக்கும்.

எழுவாயை முறையாகக் கண்டுபிடிக்க வாக்கியப் பகுப்பு வேண்டும். அதற்குக் கையால் பகுத்த தமிழ் வாக்கியங்கள் பொதுவில் குறைவு. பல மொழி வாக்கியங்களைப் பகுத்து வைத்திருக்கும் யூனிவர்சல் டிபெண்டன்சிஸ் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று 600 வாக்கியம், இன்னொன்று 534. இந்த இரண்டாவதில் பெரும்பகுதி தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கண நூலில் உள்ள எடுத்துக்காட்டுகள். அந்த நூலை 1989இல் வெளியிட்டது நம் புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம். சோதித்துப் பார்க்க இவை அருமை, பழக்குவதற்குப் போதாது.

செய்தித் தள உரைக்குக் காப்புரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டில் சோதனைக்கு வைத்துக்கொள்வது வேறு, தொகுத்துப் பிறருக்குக் கொடுப்பது வேறு.

தமிழாசிரியர், வில்லியனூர்: என் மாணவர்கள் ல, ள, ழ மூன்றையும் குழப்புகிறார்கள். ‘வலி’, ‘வழி’, ‘வளி’ மூன்றுமே அகராதியில் இருப்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாயே திறப்பதில்லை. இதற்கும் இந்த முறை பலிக்குமா?

நன்றாகவே பலிக்கும். குழப்பக் கூட்டங்களைப் பட்டியலிடுங்கள்: வலி-வழி-வளி, ஒலி-ஒளி-ஒழி, பனி-பணி, அரை-அறை, மனம்-மணம், எரி-எறி. முதலில் ஐம்பது கூட்டம் போதும். நல்ல உரையில் இந்தச் சொற்கள் வரும் இடங்களையெல்லாம் எடுத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு சொற்களை அடையாளமாகக் கொடுத்துப் பழக்குங்கள். ‘தலை’க்குப் பின் வலி, ‘போகும்’ என்பதற்குப் பின் வழி என்று அதுவே பிடித்துக்கொள்ளும். ‘வழியில், வழியாக, வழிகளை’ என்று தமிழ்ச் சொல் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் விகுதியைக் கழற்றி வேரோடு சேர்த்து எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வடிவத்துக்கும் நாலைந்து எடுத்துக்காட்டுதான் தேறும்.

எந்தப் பிழையை எதிர்பார்ப்பது என்பது யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்துப் பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’ ஆகிவிடுவதால் மாணவர் நோட்டில் ‘வாளைப்பளம்’ இருக்கும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டுபவரிடம் இது குறைவு, ஏனென்றால் ‘ழ’வுக்குத் தனி விசை. அங்கே ல-ள, ன-ண, ர-ற ஆகியவை ஷிஃப்ட் விசையால் மட்டுமே வேறுபடுவதால் பிழை அந்த ஜோடிகளில் விழும். செயற்கையாகப் பிழை புகுத்திப் பழக்குவதென்றால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மாற்றாதீர்கள். உங்கள் வகுப்பு நோட்டுகளில் பிழைகளை வகைவாரியாக எண்ணி அந்த விகிதத்தில் புகுத்துங்கள். ‘பவளம்’, ‘பவழம்’ போல இரண்டுமே சரியான சொற்களை முதலிலேயே விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் மென்பொருளை நம்பி உங்களோடு சண்டைக்கு வருவார்.

டிடிபி நிலையம், பண்ருட்டி: நண்பர் ஒருவர் செய்து கொடுத்த திருத்தி 95 விழுக்காடு சரியாம். ஆனால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. எங்கள் பெண்கள் அதை அணைத்துவிட்டு வேலை செய்கிறார்கள்.

அணைத்தது நியாயம். கணக்குப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 250 சொல், ஒற்று பார்க்க வேண்டிய இடம் 60 என்று வைப்போம். அனுபவமுள்ள தட்டச்சர் அதில் 3 பிழை விடுகிறார். மிச்சம் 57 சரியான இடங்கள். 95 விழுக்காடு சரி என்றால் அந்த 57இல் கிட்டத்தட்ட 3 இடத்தில் பொய்க்கோடு விழும். நிஜப் பிழை மூன்றையும் பிடித்தாலும், பார்ப்பவருக்கு இரண்டு கோட்டில் ஒன்று பொய். இதோடு எழுத்துப்பிழை, பெயர்ச்சொல் கோடுகளும் சேரும்போது யார் பொறுப்பார்கள்? 99 விழுக்காடானால் பொய்க்கோடு இரண்டு பக்கத்துக்கு ஒன்று என்று குறையும்.

மாதிரியை மாற்றாமலே இதைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு இடத்திலும் மென்பொருள் ஒரு நிகழ்தகவு வைத்திருக்கும். பாதிக்கு மேல் போனாலே கோடு போடும்படி உங்கள் நண்பர் விட்டிருப்பார். அந்த வரம்பை 0.95, 0.98 என்று ஏற்றச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சும்மா இருக்கட்டும்.

அளவிடவும் ‘எத்தனை விழுக்காடு சரி’ என்ற கணக்கை விட்டுவிட்டு எஃப்-0.5 என்ற அளவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இலக்கணத் திருத்தப் போட்டிகளில் 2014 முதல் வழக்கத்தில் இருப்பது. போட்ட கோடுகளில் சரியானவற்றின் பங்குக்கு அது கூடுதல் எடை தரும். கோடுகளில் பத்துக்கு எட்டு சரி, ஆனால் மொத்தப் பிழையில் பத்துக்கு நான்கைத்தான் பிடித்தது என்றால் மதிப்பெண் 0.67. தலைகீழாக, பத்துக்கு எட்டுப் பிழையைப் பிடித்தது, ஆனால் கோடுகளில் பத்துக்கு நான்குதான் சரி என்றால் 0.44. உங்கள் நிலையத்துக்கு முதலாவதுதான் உதவும்.

‘புறக்கணி’ பொத்தான் அழுத்துவதைச் சேமித்து மீண்டும் பழக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அவசரத்தில் எல்லாவற்றையும் புறக்கணிப்பவர்கள்தான் அதிகம். ஒரே சொல்லை மூன்று வேறு ஆட்கள் புறக்கணித்தால் மட்டும் ஒரு பட்டியலில் சேர்த்து, மாதம் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மாணவர், சிதம்பரம்: சாட்ஜிபிடி போன்றவை இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

வாக்கியத்தைத் திருத்தச் சொன்னால் அவை வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடும். ஒற்று கேட்டவருக்கு நடை மாறி வரும். பயன்படுத்துவதானால் மூலத்தையும் விடையையும் சொல் சொல்லாக ஒப்பிட்டு, ஒற்று மட்டும் மாறிய இடங்களை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். வாடிக்கையாளரின் பத்திரங்களை, இன்னும் வெளியாகாத நூல்களை வெளிச் சேவைக்கு அனுப்பலாமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகி, அரியாங்குப்பம்: ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் கோடு போடுகிறது. ‘கடலூர் துறைமுகம்’ என்றால் ‘கடலூர்த் துறைமுகம்’ என்று எழுதச் சொல்கிறது. எது சரி?

இலக்கணப்படி ‘கடலூர்த் துறைமுகம்’ சரி. அலுவலகப் பெயர்ப்பலகைகளிலும் பத்திரிகைகளிலும் இயல்பாக வருவது ‘கடலூர் துறைமுகம்’. ‘பத்துப் பேர்’, ‘பத்து பேர்’ என்பதும் இதே வழக்குத்தான். இப்படிப்பட்டவற்றுக்கு ‘இரண்டும் கொள்க’ என்று ஒரு கோப்பு வைத்து, அங்கே பிழைதிருத்தி மௌனமாக இருக்கும்படி செய்யுங்கள். ஒரே நூலுக்குள் இரண்டும் கலந்து வந்தால் மட்டும் சொல்லட்டும்.

ஊர்ப்பெயர்களைத் தனிப் பட்டியலாக வைத்து, ‘இல், இலிருந்து, உக்கு, ஐ’ விகுதிகளோடும் ஏற்கும்படி எழுதுங்கள். உரையின் வயதையும் கவனியுங்கள். யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006இல்தான் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. அதற்கு முந்தைய உரை மட்டும் கொடுத்தால் பாண்டிச்சேரியே அதிகம் கண்ணில் படும், ‘புதுச்சேரி’க்குக் கோடு விழும். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் ஒவ்வொன்றுக்கும் இருக்கும் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே வரியில் போட்டு, முதலில் இருப்பதை உங்கள் இதழின் வழக்கமாகக் கொள்ளுங்கள்.